பாதரச புரோப்: டிஸ்டில்டு வாட்டரில் ரோஸ், போர் தண்ணீரில் ஒன்றுமில்லை. எங்கே தப்பு?

கரிசல்_கெமிஸ்ட்:

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி, கடைசி செமஸ்டர். தண்ணீரில் பாதரச அயனி இருந்தால் ஒளிர்ந்து காட்டும் புரோப் செய்வது என் புராஜெக்ட். ஒன்றரை மாதம் நன்றாகத்தான் போனது. போன வாரம் தலைகீழாகிவிட்டது.

செய்தது இதுதான். ரோடமைன்-பி-யை எத்தனாலில் ஹைட்ரசீன் ஹைட்ரேட்டோடு ரிஃப்ளக்ஸ் போட்டேன். கருஞ்சிவப்பாக இருந்தது இரண்டு மணி நேரத்தில் வெளிர் ஆரஞ்சுக்கு வந்துவிட்டது. அந்த ஹைட்ரசைடை டிஎம்எஃப்-இல் ஃபினைல் ஐசோதயோசயனேட்டோடு சேர்த்து, காலம் குரோமடோகிராஃபி ஓட்டிச் சுத்தம் செய்து எடுத்தால் கிட்டத்தட்ட வெள்ளைப் பொடி. என்எம்ஆர் சரியாக இருக்கிறது.

அசிட்டோநைட்ரைலும் தண்ணீரும் சரிபாதி கலந்த 3 மி.லி. புரோப் கரைசலில், 10 மில்லிமோலார் மெர்க்குரிக் நைட்ரேட் ஸ்டாக்கிலிருந்து 30 மைக்ரோலிட்டர் விட்டால் ஐந்து நிமிடத்துக்குள் பஞ்சுமிட்டாய் ரோஸ். யூவி விளக்கில் ஆரஞ்சாக ஒளிர்கிறது. துத்தநாகம், காட்மியம், ஈயம், நிக்கல், கோபால்ட் எதற்கும் அசையவில்லை. தாமிரத்துக்கு மட்டும் லேசாக ஒரு சாயல். ஃபில்டர் பேப்பரை நனைத்துக் காயவைத்து ஸ்ட்ரிப்பும் செய்தேன், அதுவும் வேலை செய்தது. டிடெக்‌ஷன் லிமிட் (புரோப் காட்டக்கூடிய மிகக் குறைந்த அளவு) கணக்குப் போட்டதில் 0.08 மைக்ரோமோலார் வந்தது. கைடுக்கு ஒரே சந்தோஷம்.

அப்புறம் 'ரியல் சாம்பிள்' வேண்டுமே என்று ஹாஸ்டல் போர் தண்ணீரைப் பிடித்து வந்து, அதில் அதே அளவு பாதரசத்தைக் கலந்து பார்த்தேன். அரை மணி நேரம் வைத்திருந்தும் இருக்கா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒரு சாயல்தான். மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அப்படியே.

இன்னொரு கூத்து. டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்திருந்த ஸ்ட்ரிப் எல்லாம் ஒரு வாரத்தில் தானாகவே ரோஸ் ஆகிவிட்டன. பாதரசம் பக்கத்திலேயே இல்லை.

கைடு, "டிஸ்டில்டு வாட்டர் ரிசல்ட்டை மட்டும் எழுது, நேரம் இல்லை" என்கிறார். வைவாவுக்கு இரண்டு வாரம் இருக்கிறது. எனக்கு மனசு ஒப்பவில்லை. கொடைக்கானல் ஏரித் தண்ணீரைக் கொண்டுவந்து ஸ்ட்ரிப்பில் பார்த்து கடைசி அத்தியாயமாகச் சேர்க்கலாம் என்றுகூட நினைத்திருந்தேன். யாராவது வழி சொல்லுங்கள்.

சும்மா_வந்தவன்:

ப்ரோ, ரோடமைன்-பி என்றால் 2024-இல் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாயைத் தடை செய்தார்களே, அந்தச் சாயம்தானே? அதைக் குடிதண்ணீரில் போட்டு விஷம் இருக்கிறதா என்று பார்க்கிறீர்களா? நல்ல கதை.

வைவாவைப் பொறுத்தவரை கைடு சொல்வதை எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். எக்ஸ்டர்னல் வந்து போர் தண்ணீரையா கேட்கப்போகிறார்.

கரிசல்_கெமிஸ்ட்:

ப்ரோ இல்லை, சிஸ். சாயம் அதேதான். ஆனால் சோதித்த தண்ணீரை யாரும் குடிக்கப்போவதில்லை.

குவெட்_கழுவியவள்:

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லு. மெர்க்குரிக் நைட்ரேட்டை எதில் கரைத்தாய்? வெறும் தண்ணீரில் போட்டிருந்தால் மஞ்சளாகக் கலங்கி அடியில் படிந்திருக்கும். அதனால் எல்லா லேபிலும் நைட்ரிக் ஆசிட் விட்டுத்தான் கரைப்பார்கள். நீயும் விட்டிருப்பாய். எவ்வளவு விட்டாய்? மற்ற உலோக உப்புகளுக்கும் விட்டாயா?

கரிசல்_கெமிஸ்ட்:

ஆமாம் அக்கா, விட்டேன். 171 மில்லிகிராம் உப்பு, 50 மி.லி. ஃப்ளாஸ்க், கான்சன்ட்ரேட்டட் நைட்ரிக் 1 மி.லி. மற்றதெல்லாம் தண்ணீரிலேயே கரைந்துவிட்டது, ஆசிட் விடவில்லை.

குவெட்_கழுவியவள்:

நினைத்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், டீயை எடுத்துக்கொண்டு உட்கார்.

உன் மூலக்கூறில் ரோடமைனின் நிறத்தை அடக்கிவைத்திருப்பது ஒரு சின்ன ஐந்து மூலை வளையம். அது மூடியிருக்கும்வரை நிறமும் இல்லை, ஒளிர்வும் இல்லை. திறந்தால் இரண்டும் வரும். 1997-இல் சார்னிக் என்ற வேதியியலாளரின் குழு ரோடமைன்-பி ஹைட்ரசைடில் தாமிரத்தை வைத்து இந்தப் பூட்டைத் திறந்து காட்டியது. உன்னுடையது போல கந்தகத்தைச் சேர்த்து, பாதரசத்தைத் தூண்டில் போட்டுப் பிடிக்கும் வகை 2005-இல் கொரியாவிலிருந்து வந்தது. பாதரசத்துக்குக் கந்தகம் என்றால் உயிர். வந்து கந்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும், மிச்சம் ஒரு ஆக்ஸாடயசோல் வளையமாக மூடிக்கொள்ளும், ரோடமைன் திறந்தபடியே நின்றுவிடும். திரும்ப மூடாது. இவ்வளவும் நீ அறிமுக அத்தியாயத்தில் எழுதியிருப்பாய்.

பூட்டுக்குச் சாவி இருப்பது போலக் கள்ளச்சாவியும் உண்டு. இந்தப் பூட்டுக்கு ஆசிட்தான் கள்ளச்சாவி. பிஹெச் நன்றாக இறங்கினால் பாதரசமே வேண்டாம், வளையம் தானாகத் திறந்து ரோஸ் ஆகிவிடும்.

இப்போது உன் கணக்கைப் பார். கான்சன்ட்ரேட்டட் நைட்ரிக் கிட்டத்தட்ட 15.8 மோலார். 1 மி.லி. எடுத்து 50-க்கு ஏற்றினால் 0.32 மோலார். அதில் 30 மைக்ரோலிட்டர் எடுத்து 3 மி.லி.-இல் விட்டிருக்கிறாய், அதாவது நூறில் ஒரு பங்கு. குவெட்டுக்குள், அதாவது நீ அளவு பார்க்கும் சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள், 3.2 மில்லிமோலார் ஆசிட். தண்ணீர் என்றே வைத்துக்கொண்டால் பிஹெச் 2.5. பாதரசமோ வெறும் 0.1 மில்லிமோலார். ஒரு பாதரசத்துக்கு முப்பத்திரண்டு ஆசிட் கூட வந்திருக்கிறது. ஈயத்தோடும் காட்மியத்தோடும் ஒன்றுகூட வரவில்லை. செலக்டிவிட்டி பிரமாதமாக வராமல் என்ன செய்யும்?

போர் தண்ணீருக்கு வா. உங்கள் பக்கத்துத் தண்ணீரில் வெந்நீர் போட்டால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுமா? அப்படியென்றால் பைகார்பனேட் நிறைய இருக்கிறது. ஆல்கலினிட்டி, அதாவது ஆசிட்டை விழுங்கும் திறன், லிட்டருக்கு 350 மி.கி. என்று வைத்தால் லிட்டருக்கு 7 மில்லி ஈக்விவலன்ட். உன் கலவையில் பாதிதான் தண்ணீர், அதனால் 3.5. நீ விட்ட ஆசிட் 3.2. முழுவதையும் போர் தண்ணீர் விழுங்கிவிட்டது. கள்ளச்சாவியைப் பிடுங்கிக்கொண்டால் பூட்டு எப்படித் திறக்கும்? உன் இரண்டு புதிருக்கும் இது ஒன்றே பதிலாக இருக்கலாம். மூன்றாவது புதிருக்கும்தான். அந்த அலமாரியில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் பாட்டில் இருக்கிறதா என்று போய்ப் பார். மூடி இறுக்கமாக இருந்தாலும் அதன் ஆவி கசியும். பக்கத்து பாட்டில்களின் லேபிளை அரிப்பதும் அதுதான்.

ஆனால் ஆசிட்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இப்போதே முடிவு கட்டாதே. குளோரைடு என்று இன்னொரு சந்தேகம் இருக்கிறது. பாதரசம் குளோரைடைக் கண்டால் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நடுநிலை மூலக்கூறாகிவிடும், பிணைப்பு ரொம்ப இறுக்கம். கந்தகம் அதைவிட வலுவானது, கடைசியில் பிடுங்கிவிடும், ஆனால் நேரம் எடுக்கும். அரை மணியில் நீ கைவிட்டது அதனாலும் தப்பாக இருக்கலாம்.

செய்யவேண்டியதைச் சொல்கிறேன். பாதரசம் இல்லாமல் அதே ஆசிட்டை மட்டும் அதே அளவு விட்டுப் பார். இதுதான் நீ முதல் நாளே செய்திருக்கவேண்டிய ப்ளாங்க். அடுத்து, ஹெப்பீஸ் பஃபரில் (பிஹெச் மாறாமல் காக்கும் கரைசல்) பிஹெச் 7.2-இல் நிறுத்தி, பாதரசம் சேர்த்துப் பார். பஃபர் 20 மில்லிமோலாராவது இருக்கட்டும், இல்லையென்றால் இந்த ஆசிட் அதையும் கவிழ்த்துவிடும். பாஸ்பேட் பஃபர் வேண்டாம், ஈயத்தையெல்லாம் வீழ்படிவாக்கிவிட்டு ஈயத்துக்குப் பதில் இல்லை என்று காட்டும். மூன்றாவது, அதே பஃபரில் சாப்பாட்டு உப்பு சேர்த்துப் பார், ஆனால் அயோடின் இல்லாத உப்பு, லேபிலேயே சோடியம் குளோரைடு இருக்குமே, அது போதும். கடைசியாக, ரோஸ் ஆன குவெட்டுகளில் பைகார்பனேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடு. ஆசிட் திறந்தது என்றால் கண்ணெதிரே வெளுக்கும். பாதரசம் கந்தகத்தைப் பிடுங்கித் திறந்தது என்றால் அப்படியே நிற்கும்.

இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறேன் என்றால், நானும் இதைவிட மோசமாக மாட்டியவள்தான். என் பிஎச்.டி.யில் இரும்புக்கு ஒரு சென்சார் செய்தேன். நீலமாக ஒளிரும், ஃபெர்ரிக் குளோரைடு விட்டால் அணைந்துவிடும். அரை வருடம் அதிலேயே போனது. ஜாப் பிளாட் போட்டேன், பைண்டிங் கான்ஸ்டன்ட் போட்டேன், மூலக்கூறு இரும்பை எப்படிப் பிடிக்கிறது என்று வண்ணப்படம்கூட வரைந்துவிட்டேன். பேப்பர் அனுப்பினோம். ஒரு ரெவ்யூவர் ஒரே வரி எழுதியிருந்தார்: உங்கள் எக்ஸைட்டேஷன் அலைநீளத்தில் (புரோப்பை ஒளிரவைக்க அடிக்கும் ஒளியில்) ஃபெர்ரிக் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது?

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அன்று சாயந்திரம் லேபில் யாரும் இல்லை. லைட்டை அணைத்துவிட்டு, ஒரு குவெட்டில் என் புரோப்பை மட்டும் வைத்து, பின்னாலிருந்து 365 நானோமீட்டர் டார்ச்சை அடித்தேன். நீலமாக ஜொலித்தது. அப்புறம் இன்னொரு குவெட்டில் இரும்புக் கரைசலை ஊற்றி, டார்ச்சுக்கும் புரோப்புக்கும் நடுவில் நிறுத்தினேன். ஒளிர்வு செத்துப்போனது. நடுக் குவெட்டை எடுத்தால் ஜொலிக்கிறது, வைத்தால் சாகிறது. இரண்டு கரைசலும் ஒன்றையொன்று தொடவே இல்லை, நடுவில் இரண்டு கண்ணாடிச் சுவர். மஞ்சள் தண்ணீர் ஜன்னலில் தொங்கும் திரை மாதிரி வெளிச்சத்தைத் தடுத்திருக்கிறது, அவ்வளவுதான். நான் அதற்குப் பிணைப்பு எண் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஐந்து நிமிடம் அந்தக் குவெட்டை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது, வேறு என்ன செய்வது என்று தெரியாமல்.

இன்னர் ஃபில்டர் எஃபெக்ட் என்று புத்தகத்தில் இருப்பதுதான். பரீட்சைக்குப் படித்தும் இருந்தேன். இன்றைக்கும் இரும்பு, அலுமினியம், குரோமியம் மாதிரி மூன்று பிளஸ் அயனிகளுக்கு ரோடமைன் சென்சார் என்று பேப்பரைப் பார்த்தால் என் கை தானாகப் பின்னால் போகும், பஃபர் போட்டார்களா என்று தேட. அந்த உப்புகளைத் தண்ணீரில் போட்டாலே பிஹெச் இறங்கிவிடுமே.

கைடு மேல் வருத்தப்படாதே, அவருக்கும் செமஸ்டர் முடிகிற அவசரம். இந்த நான்கு சோதனையும் ஒரே நாள் வேலை. செய்துவிட்டு வந்து சொல்லு. பாதரசக் கழிவைச் சிங்க்கில் ஊற்றாதே, தனி பாட்டில் வைத்து லேபிள் ஒட்டு. நைட்ரைல் கிளவுஸ் போடு.

சாம்பிள்_பாட்டில்:

தண்ணீர்ப் பரிசோதனை லேபில் பதினான்கு வருடமாக வேலை. மேலே அக்கா சொன்ன கெமிஸ்ட்ரிக்குள் நான் போகவில்லை. எண்ணைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

தங்கச்சி, குவெட்டில் 0.1 மில்லிமோலார் பாதரசம் என்றால் லிட்டருக்கு 20 மில்லிகிராம். குடிதண்ணீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 சொல்லும் உச்சவரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். நீ இருபதாயிரம் மடங்கு விட்டுவிட்டு ரோஸ் ஆகிறது என்கிறாய். உலக சுகாதார நிறுவனம் கனிமப் பாதரசத்துக்கு 6 மைக்ரோகிராம் வரை விடுகிறது. அதை வைத்துப் பார்த்தாலும் மூவாயிரம் மடங்குக்கு மேல்.

டிடெக்‌ஷன் லிமிட் 0.08 மைக்ரோமோலார் என்று போட்டிருக்கிறாய். அது 16 பிபிபி, அதாவது லிட்டருக்கு 16 மைக்ரோகிராம். காலிபரேஷனில் உன் மிகக் குறைந்த புள்ளி எது? 5 மைக்ரோமோலார் என்றால் ஆயிரம் பிபிபி. ஆயிரத்தில் ஆரம்பிக்கும் கோட்டின் சரிவையும் ப்ளாங்க்கின் ஏற்ற இறக்கத்தையும் வைத்து வகுத்துவிட்டு, 16-ஐக் கண்ணால் பார்த்த மாதிரி எழுதுகிறார்கள். எங்களிடம் அப்படி ரிப்போர்ட் கொடுத்தால் ஆடிட்டர் கிழித்துவிடுவார். 16 பிபிபி கரைசல் ஒன்று தயாரித்து, அது ப்ளாங்க்கிலிருந்து வித்தியாசமாகத் தெரிகிறதா என்று பார், அப்புறம் எழுது. அந்த 16-உம் குடிதண்ணீர் வரம்பைப் போல பதினாறு மடங்கு, ஞாபகம் இருக்கட்டும்.

நாங்கள் செய்வது பழைய முறை. ஸ்டானஸ் குளோரைடு விட்டால் பாதரசம் உலோகமாகி ஆவியாக வெளியே வரும். அந்த ஆவியைக் குழாய்க்குள் விட்டு 253.7 நானோமீட்டரில் எவ்வளவு ஒளி உறிஞ்சுகிறது என்று பார்ப்போம். அதிலும் பாதி உயிர் சாம்பிள் பிடிப்பதிலேயே போகும். சாதாரண பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, ஆசிட் விடாமல், இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்து தருவார்கள். அதற்குள் பாதரசம் பாட்டில் சுவரில் ஒட்டியிருக்கும், கொஞ்சம் பறந்தும் போயிருக்கும். அப்புறம் "ஒன்றும் இல்லை" என்று ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போவார்கள்.

அதனால்தான் கொடைக்கானல் யோசனை வேண்டாம் என்கிறேன். அங்கே தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடியதிலிருந்து மண்ணைச் சுத்தம் செய்வது பற்றிய பேச்சு எவ்வளவு வருடம் ஓடியது. மக்களுக்கு அது ரணம். பாதரசம் மண்ணிலும் ஏரி அடி வண்டலிலும் மீனிலும் தங்கும். மேல் தண்ணீரில் இருந்தாலும் பிபிபிக்குக் கீழே. மீனில் இருப்பது மெத்தில் மெர்க்குரி, ஜப்பானின் மினமாட்டாவில் ஆளைக் கொன்றதும் அதுதான். உன் ஸ்ட்ரிப் வெள்ளையாகத்தான் நிற்கும். அதை யாராவது போட்டோ எடுத்து "ஏரியில் பாதரசம் இல்லை, கல்லூரி ஆய்வு" என்று வாட்ஸாப்பில் அனுப்பினால் நீ என்ன செய்வாய்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வருடா வருடம் பாதரச சென்சார், ஈய சென்சார் என்று பேப்பர் வந்துகொண்டே இருக்கிறது. இந்தப் பதினான்கு வருடத்தில் அதில் ஒன்றுகூட எங்கள் லேப் வாசலை மிதித்ததில்லை.

குவெட்_கழுவியவள்:

எண்களைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. அந்தக் கடைசிப் பத்திக்கு மட்டும் மறுப்பு.

உங்கள் லேபுக்கு வராதது உண்மை, ஏனென்றால் உங்களிடம் அதைவிட நல்ல மெஷின் இருக்கிறது. மெஷின் போக முடியாத இடம் என்று ஒன்று உண்டல்லவா. உயிரோடு துடித்துக்கொண்டிருக்கும் செல்லுக்குள் கால்சியம் எந்த நொடியில் ஏறுகிறது, எந்த ஓரத்தில் ஏறுகிறது என்று உலோகத்தை அளக்கும் எந்த ஐசிபி மெஷினும் சொல்லாது. ரோஜர் ட்சியன் 1985-இல் கொடுத்த ஃபுரா-2 சொல்லும். பச்சை ஒளிர் புரதத்துக்காக 2008-இல் நோபல் வாங்கினாரே, அவரேதான். அதற்கு முன்னால் இந்தக் கால்சியம் சாயங்களில்தான் பெயர் எடுத்தார்.

நமக்குப் பக்கத்திலேயே இன்னொருவர். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்து, பெல்ஃபாஸ்டில் வேலை பார்த்த பிரசன்ன டி சில்வா. ஒளிரும் பகுதி ஒரு பக்கம், அயனியைப் பிடிக்கும் பகுதி இன்னொரு பக்கம், நடுவில் சின்ன இணைப்பு. அயனி இல்லாதபோது பிடிக்கும் பகுதியிலிருந்து ஒரு எலக்ட்ரான் தாவிவந்து ஒளிர்வை அணைத்துவிடும். அயனி வந்து உட்கார்ந்தால் எலக்ட்ரான் தாவ முடியாது, விளக்கு எரியும். இதே கருத்தில் செய்த சோடியம், பொட்டாசியம், கால்சியம் உணரிகள் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கருவிகளுக்குள் போய்விட்டன. ரத்தத்தில் சோடியம் மில்லிமோலார் கணக்கில், எப்போதும் ஏறத்தாழ ஒரே பிஹெச்-இல் இருக்கிறது. அந்த இடத்துக்குத் தகுந்த மாதிரி மூலக்கூறைச் செதுக்கினார்கள், அது நின்றது. நாம் மூலக்கூறை முதலில் செய்துவிட்டு, அது எந்தத் தண்ணீருக்குப் பொருந்தும் என்று பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம்.

சாம்பிள்_பாட்டில்:

ரத்தப் பரிசோதனை விஷயம் எனக்குப் புதிது. சரி, ஒரு படி இறங்கிவருகிறேன். தண்ணீர் விஷயத்தில் இறங்கமாட்டேன்.

கரிசல்_கெமிஸ்ட்:

அக்கா, அண்ணா, மூன்று நாள் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். எல்லாம் செய்துவிட்டேன்.

ஆசிட் மட்டும் விட்ட குவெட் ரோஸ் ஆனது. பாதரசம் ஒரு சொட்டுகூட இல்லை. பழைய ரீடிங்கில் பாதிக்கு மேல் வந்தது. ஃப்ளோரோமீட்டர் முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன், பரவாயில்லை.

பைகார்பனேட் விட்டதும் ஆசிட் குவெட் நாலைந்து சொட்டில் தண்ணீர் மாதிரி வெளுத்துவிட்டது. பாதரசக் குவெட்டும் கொஞ்சம் வெளுத்தது, ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் வெளுக்கவே இல்லை. எவ்வளவு விட்டும் ரோஸ் அப்படியே நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

ஹெப்பீஸ் பஃபரில் பாதரசத்துக்கு ரோஸ் வருகிறது. ஐந்து நிமிடத்தில் இல்லை, இருபது நிமிடம் ஆகிறது. உப்பு சேர்த்தால் இன்னும் மந்தம், ஒரு மணி நேரம். நீங்கள் சொன்ன மாதிரியே போர் தண்ணீரையும் ஒன்றரை மணி நேரம் வைத்துப் பார்த்தேன். வந்தது! பழைய பஞ்சுமிட்டாய் இல்லை, ரோஸ் மில்க்கில் தண்ணீர் ஊற்றிய மாதிரி, ஆனால் ப்ளாங்க் பக்கத்தில் வைத்தால் நன்றாகத் தெரிகிறது. ஆல்கலினிட்டி டைட்ரேட் செய்தேன், 340. அக்கா சும்மா ஒரு கணக்குக்கு 350 என்றீர்களே, ஹாஸ்டலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தாமிரச் சாயல் பஃபரிலும் இருக்கிறது. அது நிஜம் போலிருக்கிறது.

அண்ணா சொன்னபடி 0.08 மைக்ரோமோலார் கரைசல் ஒன்று செய்து வைத்தேன். ப்ளாங்க்குக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. 0.5-இலும் சந்தேகம்தான். 1 மைக்ரோமோலாரில் ஒரு மணி நேரம் கழித்துத் தெளிவாகத் தெரிகிறது. அது 200 பிபிபி.

கைடிடம் எல்லாவற்றையும் வரிசையாக மேஜையில் அடுக்கிக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் ஆசிட் ப்ளாங்க்கைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதை முதல் படமாகப் போடு" என்றார்.

அலமாரியில் ஹைட்ரோகுளோரிக் பாட்டில் இருந்தது. ஸ்ட்ரிப் டப்பாவுக்கு நேர் கீழ்த் தட்டில்.

சாம்பிள்_பாட்டில்:

200 பிபிபி என்று எழுது, வெட்கப்படாதே. புராஜெக்ட் தலைப்பில் குடிதண்ணீர் என்ற வார்த்தை இருந்தால் எடுத்துவிடு. உங்கள் டிபார்ட்மெண்டிலேயே பாதரசக் கழிவு பாட்டில் இருக்குமே, அதைச் சுத்திகரித்த பிறகு மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று முதல் கட்டமாகப் பார்க்க இந்த அளவு உதவும். அதுவே உன் ரியல் சாம்பிள். அதில் ஒன்றை எங்களுக்கும் அனுப்பு, கண்ணாடி பாட்டில், நைட்ரிக் விட்டு பிஹெச் 2-க்குக் கீழே. மெஷினில் போட்டுத் தருகிறேன், இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போடு.

சும்மா_வந்தவன்:

சிஸ், ஸாரி. எக்ஸ்டர்னல் போர் தண்ணீரைக் கேட்டால் இப்போது நீங்கள்தான் அவருக்குப் பாடம் எடுப்பீர்கள்.

கரிசல்_கெமிஸ்ட்:

அனுப்புகிறேன் அண்ணா, ரொம்ப நன்றி. அக்கா, கடைசியாக ஒன்று. புதிதாக ஸ்ட்ரிப் செய்திருக்கிறேன். வைவா வரைக்கும் பத்து நாள் வெள்ளையாக இருக்கவேண்டும். எதில் வைப்பது?

குவெட்_கழுவியவள்:

ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு, டப்பாவுக்குள் வை. டப்பாவில் ஒரு ஸ்பூன் சமையல் சோடாவை டிஷ்யூவில் பொட்டலம் கட்டிப் போடு, உள்ளே வரும் ஆசிட் ஆவியை அது பிடித்துக்கொள்ளும். கருப்புக் காகிதம் சுற்று. முக்கியமாக லேபில் வைக்காதே, ஹாஸ்டல் ரூமுக்கு எடுத்துப் போ. ஊறுகாய் பாட்டில் பக்கத்தில் வைத்துவிடாதே.